சிரித்துக்கொண்டே செக்

வரும் ஞாயிற்றுக்கிழமை மனைவியைச் செஸ்ஸில் தோற்கடித்தே தீருவது என்று லிஃப்ட் மெக்கானிக் சபதம் எடுத்தார். மனசுக்குள்தான் எடுத்தார். வாய்விட்டு எடுத்தால் அவளுக்குக் கேட்டுவிடும்.

ஞாயிறு மதியம் ஓர் ஆட்டம். தோற்றவர் வாரம் முழுக்கப் பாத்திரம் தேய்க்க வேண்டும். கல்யாணமான புதிதில் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே அவர்தான். பள்ளிக்கூடத்தில் கோப்பை வாங்கிய திமிர். அன்று கையில் ஏறிய தேய்ப்பு நார் இன்றுவரை இறங்கவில்லை. சோப்பு அரித்து அரித்து ரேகையே அழிந்துபோய், கம்பெனி வாசலில் விரல் வைத்தால் மெஷின் "நீங்கள் யார்?" என்று கேட்டது.

இந்த நிலையில்தான் கம்பெனிக்கு ஒரு பயிற்சியாளர் வந்தார். மைக்கை விழுங்கிவிடுவதுபோல் வாயருகே வைத்துக்கொண்டார்.

"நண்ண்பர்களே! சந்தோஷமா இருக்கிற மூளைதான் சுறுசுறுப்பா யோசிக்கும்! காலையில கண்ணாடியைப் பார்த்துச் சிரிங்க. மனசார நன்றி சொல்லுங்க. முக்கியமா, யாரும் கேட்காமலே கூட இருக்கறவங்களுக்கு உதவி செய்ங்க. அப்புறம் பாருங்க உங்க மூளையை!"

மற்ற மெக்கானிக்குகள் நிம்மதியாகத் தூங்கினார்கள். நம்மவர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மறுநாள் காலை குளியலறைக் கண்ணாடி முன்னால் முப்பத்திரண்டையும் காட்டினார். கதவு தட்டப்பட்டது.

"ஏங்க, பல்லு வலியா?"

"இல்லம்மா. சும்மா சிரிச்சேன்."

"தனியாவா?"

"ம்... கண்ணாடி இருக்கே."

அவள் மருந்துக்கடைக்காரி. டாக்டர்களின் கிறுக்கலையே படிக்கிறவள். இவர் முகத்தைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அப்படியே நகர்ந்துவிட்டாள்.

நன்றி சொல்லும் பயிற்சியில் சிக்கல். கண்ணை மூடி யோசித்தால் முதலில் மனைவிதான் வந்தாள். சரி, அடுத்தது? தனக்குக் காய்ச்சல் வந்தபோது விடிய விடிய நெற்றியில் ஈரத்துணி போட்ட மனைவி. சரி, வேற ஆளே இல்லையா? மின்விசிறியை நினைத்தார். அதுவும் அவள் வாங்கியது. தோற்கடிக்க வேண்டிய எதிரிக்கே நன்றி சொல்லிச் சொல்லி அவருடைய சபதமே ஆட்டம் கண்டது.

உதவிப் பயிற்சியோ அமோகம். துணி மடித்தார். தண்ணீர் பிடித்து வைத்தார். அடுப்பைத் துடைத்த துடைப்பில் அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

மொட்டை மாடியில் சிரிப்புப் பயிற்சி. "ஹ ஹ ஹா!" தண்ணீர்த் தொட்டி அதிர்ந்தது. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், தொட்டிகிட்ட ஜோக்கா?"

"உஷ்! ரகசியம். சிரிப்பு, வீட்டு வேலை எல்லாம் மூளைக்குப் பயிற்சி. ஞாயித்துக்கிழமை செஸ்ஸுல வீட்டுக்காரியை ஜெயிக்கணும்."

எதிர்வீட்டுக்காரர் குசுகுசுத்தாலே நாலு தெருவுக்குக் கேட்கும். "என்னாஆது! சிரிச்சு, வீட்டு வேலையெல்லாம் செஞ்சு, பொண்டாட்டியை ஜெயிக்கப் போறீங்களா!"

கீழே அவர் வீட்டுப் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு கை, கொஞ்சம் நின்று, மறுபடி நகர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பலகை விரிந்தது. மெக்கானிக்கின் மூளை, எண்ணெய் போட்ட லிஃப்ட் மாதிரி சத்தமில்லாமல் மேலே ஏறியது. குதிரையை நகர்த்தினார். அவள் நகம் கடித்தாள். யானையை இறக்கினார். அவள் பெருமூச்சு விட்டாள். அவளுடைய ராணி நட்டநடுவில் துணையில்லாமல் நின்றது. ஒரே அமுக்கு! ராஜாவுக்கு ஓட வழியில்லை.

"செக்! அவ்ளோதான்! நீ அவுட்டு!"

"ஐயய்யோ! எப்படிங்க இதைப் பாத்தீங்க?"

"மூளைம்மா, மூளை!" நாற்காலியில் ஏறி நின்றார். விசிறி இடிக்காமல் அவரைக் கையைப் பிடித்து இறக்கியவள் அவள்தான்.

"நியாயம்னா நியாயம். இந்த வாரம் பாத்திரம் என்னோடது," என்று எழுந்தாள். நாரை எடுத்தாள். சோப்பில் தேய்த்தாள். அப்படியே நின்றாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா?"

"தாராளமா கேளு."

"இந்த மூளை எப்படிங்க வந்துச்சு?"

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. சிரிப்பு, நன்றி, உதவி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். நன்றி சொல்ல அவளைத் தவிர ஆள் கிடைக்காததையும் சொன்னார். அந்த இடத்தில் மட்டும் அவள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திரும்பியபோது முகம் பழையபடி இருந்தது. "அப்போ நீங்க உதவியை நிறுத்தினா மூளை மறுபடி மழுங்கிடும், இல்ல?"

"அ... ஆமா."

"பாவம். இனிமே உக்காந்து சாப்பிட்டா அடுத்த ஞாயிறு எனக்குத்தான். பரவால்லீங்க, நீங்க போய்ப் படுங்க. நானே தேய்க்கறேன்."

"அடிப்பாவி! சதியா பண்ற? குடு அந்த நாரை!" பிடுங்கிக்கொண்டார். "என் மூளையை மழுங்கடிக்கப் பாக்கறியா? இன்னைக்கு மட்டுமில்ல, தினமும் நான்தான்! துணியும் நான்தான்! போ, போய் உக்காரு!"

அவள் போய் உட்கார்ந்தாள். காலை நீட்டி வாரப்பத்திரிகையைப் பிரித்தாள்.

ஒரு விஷயம் ஒப்புக்கொள்ள வேண்டும். பயிற்சி நிஜமாகவே பலித்திருந்தது. முன்பெல்லாம் தான் ஏமாந்தது புரிய அவருக்கு ஒரு வாரம் பிடிக்கும். இந்த முறை கடைசித் தட்டைக் கழுவும்போதே புரிந்துவிட்டது.