மெட்டீரியல் கமிட்டி

லோதி ரோட்டில் எங்கள் அலுவலகம் இருந்த கட்டடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அங்கே லிஃப்ட் எண்ணெய் அழுத்தத்தில் ஏறி இறங்கும். ஒரு நாள் காலை அண்டர் செக்ரட்டரி சேஷனை நாலாவது மாடியில் விட்டுவிட்டுக் கீழே போய் உட்கார்ந்தது. பிறகு எழுந்திருக்கவே இல்லை.

பழுது சிறியதுதான். எண்ணெயைத் துளைகள் வழியே பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டு என்ற உலோகக் கட்டி விரிசல் கண்டுவிட்டது. அளவில் ஓர் அம்மி இருக்கும். சங்கடம்தான் பெரியது. சேஷனுக்கு அப்போதுதான் முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது. படி இறங்கக் கூடாதென்று டாக்டர் உத்தரவு. அடுத்த மாதம் மகள் ஸ்ம்ருதிக்குக் கல்யாணம். தாரை வார்க்க வேண்டிய அப்பா கான்பரன்ஸ் ஹாலில் பாய் போட்டுப் படுத்திருந்தார்.

"நாலு பேர் நாற்காலியோட தூக்கிண்டு வந்துடுங்கோளேன்" என்று அவர் மனைவி ராஜலக்ஷ்மி மன்றாடினாள்.

டைரக்டர் ஜெயகிருஷ்ணன் வருத்தத்துடன் தலையை ஆட்டினார். "உயிரோட இருக்கிற அதிகாரியை நாலு பேர் தூக்க ரூல் இல்லை, மாமி."

ஆகவே, புது மேனிஃபோல்டை எந்த உலோகத்தில் செய்வது என்று பரிந்துரைக்க 'மெட்டீரியல் கமிட்டி' அமைக்கப்பட்டது. அடியேனும் உறுப்பினன். சமோசா நன்றாக இருந்தது.

"அலுமினியம்?"

"லேசு. எவனாவது பையில போட்டுண்டு போயிடுவான்."

"வார்ப்பிரும்பு?"

"துருப்பிடிக்கும். ஆடிட் வர்ற அன்னிக்குப் பார்த்துப் பிடிக்கும்."

சுஷ்மா மேடம் தம் தாமிர பாட்டிலை மேஜைமேல் வைத்தார். அது இல்லாமல் தில்லியில் இப்போது யாரும் மீட்டிங்குக்கு வருவதில்லை. "தாமிரத்துல வெச்சா தண்ணிக்கு நல்லதுங்கறா. எண்ணெய் பேச்சாரி, பாவம், அது என்ன தப்புப் பண்ணித்து?"

கமிட்டி நெகிழ்ந்துபோயிற்று.

"எண்ணெய் அழுத்தம் எவ்வளவுன்னு யாராவது கேட்டேளா?" மூலையில் பாயிலிருந்து சேஷன்.

"அச்சா கேள்வி" என்றார் ஜெயகிருஷ்ணன். "ஆனா அழுத்தம் வேற செக்‌ஷன்."

கடைசியில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஏகமனதாகத் தேர்வாயிற்று. காரணம் நடவடிக்கைக் குறிப்பில் உள்ளது: உறுப்பினர் அனைவர் வீட்டு டிபன் டப்பாவும் அதுவே, இதுவரை எதுவும் வெடித்ததில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் கட்டி வந்தது. சுப்பையாவும் குணாவும் மூச்சிரைக்க மாடிக்குச் சுமந்து வந்தார்கள். அதில் முகம் பார்த்து ஜெயகிருஷ்ணன் தலை வாரிக்கொண்டார். சேஷன் ஆசையாகத் தடவிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"துளை எங்கே?"

"டெண்டர்ல துளை கேக்கலையே" என்றார் ஜெயகிருஷ்ணன்.

"துளை இல்லாம எண்ணெய் எப்படி ஐயா போகும்?"

"சேஷன், துளைங்கறது மெட்டீரியல் இல்லாத இடம். நாம மெட்டீரியல் கமிட்டி."

மறுக்க முடியாத வாதம். எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

அப்பா இறங்க முடியாததால் கல்யாணம் ஏறி வந்தது. ஆர்.கே.புரம் மண்டபத்தில் சாப்பாடு, நாலாவது மாடியில் முகூர்த்தம். மாப்பிள்ளை அர்விந்தின் உறவுக்காரர்கள் மாடிக்கு மாடி உட்கார்ந்து வந்தார்கள். நாயனக்காரருக்கு ஊத மூச்சில்லை. சாஸ்திரிகள் அம்மி கேட்டபோதுதான் அது கீழேயே கிடப்பது தெரிந்தது. எடுத்துவர ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

ராஜலக்ஷ்மி சுற்றுமுற்றும் பார்த்தாள். "அந்த இரும்புச் சனியனை இப்படித் தள்ளுங்கோ!"

மஞ்சள் தடவி, பொட்டு வைத்து, ஸ்ம்ருதி கால் வைத்தாள். சேஷன் கண்ணில் நீர். 'கல்லைப் போல உறுதியாய் இரு' என்று சொல்லுமுன் சாஸ்திரிகள் கட்டியோடு வந்திருந்த டெஸ்ட் சர்டிபிகேட்டை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

அந்த வீடியோ தில்லி முழுக்கச் சுற்றியது. கமிட்டிக்குப் பாராட்டுப் பத்திரம் கிடைத்தது. லிஃப்ட் இன்னும் கீழேயே உட்கார்ந்திருக்கிறது. சேஷன் முழங்கால் எப்போதோ சரியாகி, படி இறங்கலாம் என்று டாக்டரும் எழுதிக் கொடுத்துவிட்டார். அதைப் பரிசீலிக்கும் கமிட்டிக்குச் சேஷனே தலைவர். அடுத்த கூட்டத்துக்குக் காத்திருக்கிறார்.

போன வாரம் என் பேத்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். பரம சாது சம்பந்தி. "நாங்க ஒண்ணும் கேக்கலை. நீங்க பார்த்துச் செய்யறதுதான். அம்மி மிதிக்கற மேனிஃபோல்டு மட்டும் துளை இல்லாததா இருக்கட்டும்" என்றார்.

கையெழுத்துப் போட்டவனுக்கு ஆட்சேபிக்க வாய் ஏது? நேற்று ஆர்டர் கொடுத்துவிட்டேன்.