ஹேண்ட் பிரேக் போட்ட லேத்

ஒரு இரும்புத் துண்டை உருளையாக்குவதற்காக ஒரு தெருவையே உலுக்கியெடுத்தவர் என்று பெங்களூரில் யாரையாவது சொல்லவேண்டுமானால், அது எங்கள் தொம்மலூர் ஆக்ஸில் அங்கிள் ஒருவர்தான். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு நிச்சயம் இருந்திருக்கும். ஜீப்பின் பின் ஆக்ஸிலை ஆட்டோவில் குறுக்கே போட்டு, இரண்டு முனையும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே உட்கார்ந்து வந்து இறங்கினாரே, அன்றோடு அந்தப் பெயரைத் தெரு மறந்துவிட்டது.

கீழ் வீடு அவருடையது. மாடியில் நான் வாடகைக்கு இருந்தேன். அவர் மாநில அரசு ஆபீஸில் ஃபைல் தள்ளி ரிட்டயரானவர். பல்பு மாற்றக்கூட எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறவர். அப்பேர்ப்பட்ட மனுஷர், யாரோ ஒரு வெள்ளைக்காரர் பழைய கார் சாமான்களை வைத்து வீட்டிலேயே லேத் மெஷின் செய்வதைப் போனில் பார்த்துத் தொலைத்தார். இரும்பைச் சுழலவிட்டு உளியால் கடைகிற அந்த மெஷின் இவருக்கு எதற்கு என்று எனக்கு விளங்கவே இல்லை.

“எதுக்கு சார் உங்களுக்கு லேத்து?”

“ரைட்டரே, சர்வீஸ் பூரா கையெழுத்துப் போட்டேன். அதெல்லாம் எங்க போச்சுன்னு எனக்கே தெரியாது. கையில புடிச்சுப் பாக்கற மாதிரி ஒண்ணாவது நான் செஞ்சேன்னு இருக்கணும்.”

“கடையில வாங்கிப் புடிச்சுப் பாருங்களேன்.”

“சும்னே பேசாதீங்க” என்றார், சும்மா என்பதற்குக் கன்னடத்தில். “வாங்கினது வேற, செஞ்சது வேற.”

அதன் பிறகு வாராவாரம் சிவாஜிநகர் குஜரிக் கடைகளுக்கு, அதாவது பழைய இரும்புக் கடைகளுக்கு, போனார். உடைத்த வண்டிகளின் சாமான் விற்கிற பாய் ஒருவர், இவர் தலை தெரிந்ததுமே டீ சொல்லிவிடுவாராம். சொல்லமாட்டாரா? வேறு யாரும் சீந்தாத சாமானெல்லாம் அன்றைக்குத்தானே போணியாகும். லாரி சேஸியிலிருந்து வெட்டிய இரண்டு துண்டுகள் அடித்தளம் ஆயின. ஏதோ ஒரு காரில் முன் சீட்டை முன்னும் பின்னும் தள்ளுகிற தண்டவாளம், உளியைத் தாங்கும் மேடை ஆயிற்று. அதை நகர்த்துவதற்கு ஒரு ஸ்டியரிங் வீல். அதில் ஹாரன் பட்டன்கூட அப்படியே இருந்தது. எதற்கு என்று கேட்டால், “இருக்கட்டுமே, என்ன பண்ணுது?” என்றார். எதையும் கழற்ற அவருக்கு மனசு வராது. விதிவிலக்கு ஒன்றுதான். அவர் மனைவி, அதாவது எங்கள் ஆன்ட்டியின் இட்லி கிரைண்டரிலிருந்து மோட்டாரைக் கழற்றி லேத்தில் மாட்டியிருந்தார்.

இட்லிக்குப் பாக்கெட் மாவு வாங்கவேண்டி வந்த அன்றே ஆன்ட்டி என்னைக் கீழே கூப்பிட்டார்.

“சார், நீங்களே சாட்சி. கேட்டுக்குத் தாழ்ப்பாள் கம்பி இல்லாம குச்சி சொருகி வெச்சிருக்கோம். ஆயுத பூஜைக்குள்ள இந்த மெஷின் அந்தக் கம்பியைச் செஞ்சு குடுக்கணும். இல்லன்னா மோட்டாரு என் கிரைண்டருக்கு, மிச்சமெல்லாம் குஜரிக்கு. செஞ்சது உருப்படியா இல்லையான்னு நீங்க சொல்லுங்க. எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிச்சுத்தானே பத்திரிகைல எழுதறீங்க.”

நான் சந்தோஷமாகச் சம்மதித்தேன். கீழே அவர் சுத்தியலால் அடிக்கிற அடியில் மாடியில் என் எழுத்து மேஜை நகர்ந்துகொண்டே இருந்தது; அந்த மெஷின் ஒழிந்தால்தான் அது ஒரே இடத்தில் நிற்கும்.

வெள்ளோட்டத்துக்குத் தெருவே வந்தது. ஆக்ஸிலின் ஒரு முனையில் கம்பியைப் பூட்டியிருந்தார். மறுமுனையில் பழைய பிரேக் டிரம் சும்மா இருந்தது. சுவிட்சைப் போட்டதும் இரண்டும் ஜோராகச் சுற்றின. அங்கிள் பெருமையாக எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு உளியைக் கம்பியில் வைத்தார். கம்பி நின்றுவிட்டது. டிரம் இரண்டு மடங்கு வேகத்தில் சுழன்றது. உளியை எடுத்தால் கம்பி சுற்றும், வைத்தால் நிற்கும். வண்டி வளைவில் திரும்புவதற்காக ஆக்ஸிலின் நடுவே ஒரு பல்சக்கரக் கூட்டம் வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் தடை வந்தால் ஓட்டத்தை அது மறுபக்கம் தள்ளிவிடும். வண்டிக்கு அது வரம். லேத்துக்கு அதை வைத்த மேதை உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும்.

“உங்க ஆபீஸை அப்படியே செஞ்சு வெச்சிருக்கீங்க சார்” என்றேன். “வேலை குடுத்தா நிக்குது. வேலை இல்லாதவன் வேகமா சுத்தறான்.”

தெரு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

அந்தப் பல்சக்கரங்களை வெல்டு வைத்து ஒட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று வேடிக்கை பார்க்க வந்த ஒரு கராஜ்காரர் சொன்னார். “நல்ல ஜீப்போட ஆக்ஸில் அது, பாவம்” என்று அங்கிள் மறுத்துவிட்டார். பதிலாக எண்ணெய் விட்டார், கிரீஸ் தடவினார், அதே வீடியோவை மறுபடி மறுபடி பார்த்தார். உளி பட்டால் கம்பி அசையவில்லை.

ஆயுத பூஜை வந்துவிட்டது. தெருவில் எல்லா ஸ்கூட்டரும் மாலை போட்டுக்கொண்டு நின்றன. அங்கிளும் லேத்துக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, இரண்டு முனைக்கும் சாமந்திச் சரம் சுற்றியிருந்தார். குஜரிக்குக் கொண்டுபோக ஆட்டோ சொல்லியாகிவிட்டது. கடைசியாக ஒரு தடவை என்று சுவிட்சைப் போட்டு உளியை வைத்தார். வழக்கம்போல டிரம் பறந்தது. அதிலிருந்த பூவெல்லாம் பிய்ந்து, அப்போதுதான் துடைத்த தரை முழுக்க இறைந்தது.

ஆன்ட்டிக்குக் கோபம் தலைக்கேறியது. “சும்மா சுத்தற பக்கத்துக்கு பிரேக்கைப் போட்டு நிறுத்தித் தொலைங்களேன். வீடு பூரா குப்பை.”

அங்கிள் அப்படியே நின்றார். பிரேக் டிரம்மில் பிரேக் இருந்தது. அதிலிருந்து ஹேண்ட் பிரேக் கேபிளும் தொங்கிக்கொண்டிருந்தது, அவர்தான் எதையும் கழற்றமாட்டாரே. இழுத்தார். டிரம் நின்றது. இந்தப் பக்கம் கம்பி சீறிக்கொண்டு சுழன்றது. உளி பட்டதும் இரும்பு சுருள் சுருளாக உதிர்ந்தது. வீடு கிடுகிடுவென்று ஆடியது. மாடியில் என் தண்ணீர்க் குடம் உருண்ட சத்தம் கேட்டது.

முடிவில் வெளிவந்தது ஒரு கேரட். ஒரு முனை தடியாக, மறுமுனை ஒல்லியாக, நடுவில் கொஞ்சம் கோணலாக. கேட்டுத் துளையில் சொருகினார். பாதி போய்ச் சிக்கிக்கொண்டது. ஆட்டோக்காரர் வாசலில் ஹாரன் அடித்தார். ஆன்ட்டி என்னைப் பார்த்தார்.

சொல்லவேண்டியது என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதற்குள் அங்கிள் கம்பியைப் பிடுங்கி என்னிடம் நீட்டினார். புருவமெல்லாம் இரும்புத் தூள்.

“இன்னும் சூடா இருக்கு ரைட்டரே. புடிச்சுப் பாருங்க.”

பிடித்துப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது.

“கம்பியில ஒரு குத்தமும் இல்ல ஆன்ட்டி” என்றேன். “கேட்டுல ஓட்டை போட்டவன்தான் சரியா போடல.”

ஆன்ட்டி ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டு, லேத்துக்குச் சுற்றிப்போடப் பூசணிக்காயை எடுத்துவந்தார்.

ஒரு பாவமும் அறியாத கேட் மேல் இப்படிப் பழி போட்டேன். அந்த மனுஷருக்காக இன்னும் நாலு கேட் மேலும் போடுவேன், எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும்.