வாடைவீரன் குடித்த நண்டுக்கூழ்

பிறர் பெற்ற பிள்ளைக்குச் சோறூட்டலாம். ஆனால் கிழமை பார்த்து ஊட்ட வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

வாடைவீரன் எங்கள் யாழ்ப்பாணத்துச் சித்திரக்கதை இதழின் பறக்கும் நாயகன். அவனைப் படைத்தவர் நீர்வேலிச் சிவபாதம் மாஸ்டர். அவரைப் போலவே அவனும் பொறுமைசாலி. திருடனை அடிக்குமுன் அரைப் பக்கம் புத்தி சொல்வான். அடுத்து எழுதியவர் நாதஸ்வர ஊரான அளவெட்டிக்காரர். அவர் கையில், பறக்கும்போதெல்லாம் ராகம் முணுமுணுத்தான் (வில்லன்கள் தாளம் போடாததுதான் குறை). மூன்றாவதாக என்னிடம் வந்தான். நான் குருநகர்க் கடற்கரைக் கத்தோலிக்கன். அவனுக்குக் கோபமும் பசியும் கொடுத்தேன்.

என் முதல் இதழின் வெளியீட்டு விழாவில் ஆய்வுரை மாஸ்டருடையது. அவர் சம்மதித்தால்தான் வீரன் தொடர்ந்து என் கையில். மேடையில் அவர் பக்கத்திலேயே இருந்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டி வந்த அவர் விரல் ஏழாம் பக்கத்தில் நின்றது.

"தம்பி, கதையிலை இது என்ன கிழமை?"

"வெள்ளி, மாஸ்டர்."

"வீரன்ரை கோப்பைக்குள்ளை?"

எட்டிப் பார்த்தேன். நண்டுக்கால். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் இறைச்சி கிடையாது, மீனும் நண்டும்தான். அதே பக்தியோடு, வெள்ளி விரதம் பிடிக்கிற சைவன் ஒருவனுக்கு நண்டு போட்ட ஒடியற்கூழ் பருக்கியிருந்தேன். (தெரியாதா என்றால் தெரியும். எழுதிய கை என்னைக் கேட்கவில்லை.)

"மாஸ்டர், அடுத்த இதழிலை திருத்தி விடுறன்..."

"பொறும்."

அவரை அழைத்தார்கள். ஒலிவாங்கி முன் நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்குத் தெரிந்த புனிதர்கள் எல்லாரையும் கூப்பிட்டு முடித்து, முருகனையும் கூப்பிட்டேன்.

"எங்கடை வாடைவீரன் நீர்வேலியிலை பிறந்து, அளவெட்டியிலை பாட்டுப் பழகினவன். இப்ப குருநகரிலை ஞானஸ்நானமும் எடுத்திட்டான். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

மண்டபம் வெடித்தது. முதலில் சிரித்தது என் அம்மா. மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"அவனை நான் திருப்பிக் கூட்டிக்கொண்டு போறன்."

கூட்டிக்கொண்டுதான் போனார். எனக்கு அழுகை வந்தது. அடுத்த இதழில் வில்லனே இல்லை. மூன்று பக்கத்துக்கு வாடைவீரன் தீட்டுப் போகக் கீரிமலைத் தீர்த்தக் கேணியில் முழுகிக்கொண்டிருந்தான்.

இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் மீன்குழம்பை இறக்கி வைத்துவிட்டு என் மனைவி கேட்பாள்:

"இஞ்சருங்கோ, சாப்பிடப்போறது நீங்களோ, வீரனோ? வீரனெண்டால் துவாயை எடுத்துக்கொண்டு கீரிமலைக்கு வெளிக்கிடட்டும்."