தேறாது மாமா வாங்கிய கோமேதக மோதிரம்

நன்னிலம் சுற்றுவட்டாரத்தில் தேறாது மாமாவைவிட நம்பிக்கை கெட்ட மனிதர் இன்னொருவர் பிறந்திருக்க முடியாது. பிறந்திருந்தால் மாமா தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, "தேறாது" என்று சொல்லிவிட்டு வந்திருப்பார்.

எங்கள் தெருமுனையில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று யாராவது சந்தோஷமாகச் சொன்னால், "நம்ம வாய்க்காலுக்கு வராது" என்பார். வந்துவிட்டால் "நிக்காது" என்பார். நின்றால் "வடியாது" என்பார். எரிந்துபோன பம்புசெட் மோட்டாரை வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன்பே "தேறாது" என்று தீர்ப்பு வந்துவிடும். மறுநாள் அது ஜம்மென்று ஓடும். ஓடுகிற மோட்டாரையும் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரிதான் நின்று பார்ப்பார். என் கல்யாணத்தில் மேடையேறி, என் கையைப் பிடித்து, "பார்த்து இரு மாப்ள" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார். என் மனைவி அதை இன்னும் மன்னிக்கவில்லை.

ஐம்பதைத் தாண்டியும் தனிக்கட்டையாக இருந்த மாமாவை அசைத்தவர் வசந்தா அக்கா. பக்கத்து ஊர்ப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். கணவரை இழந்து வெகுகாலம் ஆகியிருந்தது. எரிந்துபோன கிரைண்டர் மோட்டாருடன் வந்தவரிடம் மாமா தன் வழக்கமான வார்த்தையைச் சொன்னார்.

"நான் என்ன ஜோசியமா கேட்டேன்? ரிப்பேர் பண்ணிக் குடுங்க" என்றார் அக்கா.

மாமாவுக்குப் பல் இருப்பதைத் தெரு அன்றுதான் பார்த்தது. அதன் பிறகு அந்தக் கிரைண்டர் அடிக்கடி கெட்டுப்போனது.

அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. அக்காவுக்கு வயிற்றில் கட்டி. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு மாமாதான் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு அலைந்தார். ஒருநாள் டாக்டர் இருவரையும் உட்கார வைத்து, இனி அதிக காலம் இல்லை என்று சொல்லிவிட்டார். ஊர் திரும்பிய மாமா நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"மாப்ள, லீவு போடு. கல்லு வச்ச மோதிரம் வாங்கணும். நீ ஏற்கெனவே வாங்கினவன்."

"எதுக்கு மாமா?"

"கல்யாணத்துக்கு."

"யாருக்கு?"

"எனக்குத்தான். ஆஸ்பத்திரியில போற எடமெல்லாம் நீங்க யாருன்னு கேக்குறான். எத்தனை தடவைதான் தெரிஞ்சவருன்னு சொல்றது?"

அடுத்தமுறை ஊசி போட்டுக்கொண்ட கையோடு அக்காவும், மாமாவும், நானும் தஞ்சாவூரில் ஒரு நகைக்கடைக்குப் போனோம். விற்பனையாளர் இளைஞர், பாவம், ஆளைத் தெரியாமல் சிரித்துக்கொண்டே மாணிக்கத்தை எடுத்து வைத்தார்.

"கண்ணாடியா இருக்கும்" என்றார் மாமா.

மரகதம் வந்தது. "கீறல் விழுந்துடும்." முத்து வந்தது. "வேர்வை பட்டா மங்கிடும்." சின்னதாக ஒரு வைரம் வந்தது. "தொலைஞ்சிடும்."

இளைஞரின் சிரிப்பு தட்டுக்குத் தட்டு சுருங்கியது. முடி கொட்டிய தலையில் அக்கா முக்காடு போட்டிருந்ததைக் கவனித்தவர், குரலைத் தாழ்த்தி, "அம்மாவுக்கு உடம்பு முடியலைன்னா புஷ்பராகம் போடுங்க சார். நோய் நொடி அண்டாது" என்றார்.

மாமா எழுந்தே விட்டார். "கல்லு போட்டா சரியாயிடுமாய்யா? அப்ப எதுக்குய்யா அவ்ளோ பெரிய ஆஸ்பத்திரி கட்டி வச்சிருக்கான்?"

கடையே திரும்பிப் பார்த்தது. அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "அந்தப் புள்ளைய ஏன் வையறீங்க? தம்பி, அது என்ன ஓரத்துல, பால் விடாத டீ கலர்ல?"

"கோமேதகம்ங்க. ராகுவோட கல்லு. கல்யாணத்துக்கெல்லாம் யாரும் எடுக்க மாட்டாங்கம்மா."

"அதையே குடுப்பா. ராகு வந்தா வரட்டும். வீட்டுல ரெண்டு பேருதானே இருக்கப்போறோம்."

மாமா அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இளைஞரும் நானும் தீர்ப்புக்குக் காத்திருந்தோம். "நல்லாருக்கு" என்றார்.

அக்காவின் விரலில் மோதிரம் கொஞ்சம் சுழன்றது. "சின்னதாக்கித் தர்றோம்" என்றார் இளைஞர்.

"வேணாம்ப்பா. மறுபடியும் லூசாயிடும்" என்று சொல்லிவிட்டு மாமா சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

அக்கா தெருவைப் பார்த்தபடி, "நூல் சுத்திக்கலாம்" என்றார்.

கல்யாணம் கோயிலில், தூறலில் நடந்தது. மாலையும் கழுத்துமாக மாமா கேதத்துக்கு வந்தவர் போல நிற்க, "போட்டோ எடுக்குறாங்க, சிரிங்க" என்று அக்கா விலாவில் இடித்தார். படத்தில் மாமா வலியில் முகம் சுளித்தவர் மாதிரி இருப்பார். அவரைப் பொறுத்தவரை அது சிரிப்பு.

மோதிரத்தின் அடிப்பக்கத்தில் காயில் கட்டும் வெள்ளை நூலை மாமாவே சுற்றினார். அவ்வளவு நெருக்கமான சுற்று, இழை தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போய் வரும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் சுற்ற வேண்டியிருந்தது. விரல் இளைக்க இளைக்க நூல் தடித்தது. சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாமே என்று என் மனைவி சொல்லிப் பார்த்தாள். "வெரலுக்குத்தானேம்மா வாங்கினோம்" என்றார் மாமா. கடைசி நாட்களில் அந்த மோதிரத்துக்குள் விரலைவிட நூல்தான் அதிகம் இருந்தது.

சம்பா அறுவடைக்கு மிஷின்கள் வயலில் இறங்கியிருந்த சமயத்தில் அக்கா போய்விட்டார்.

எடுக்கும் நேரம் வந்ததும், உறவில் ஒரு பெரியவர் நகையைக் கழற்றிவிடச் சொன்னார். விரல் முட்டியில் நூல் சிக்கிக்கொண்டு மோதிரம் வரவில்லை. யாரோ ஒரு பிளேடை நீட்டி, "அறுத்துடுங்க, நேரமாவுது" என்றார்கள்.

மாமா பிளேடை வாங்கவில்லை. தரையில் உட்கார்ந்து, அக்காவின் கையை மடியில் வைத்துக்கொண்டு, நகத்தால் முடிச்சைத் தேடினார். வெகுநேரம் தேடினார். கண் கலங்கியிருந்ததால் கிடைக்கவில்லை. வாசலில் மேளம்கூட நின்றுவிட்டது. கடைசியில் நுனி கிடைத்தது. ஒவ்வொரு சுற்றாகப் பிரிக்கத் தொடங்கினார். பிரித்த நூல் அவர் விரல்களிலேயே சிக்கியது.

நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நுனியைப் பிடித்துக்கொண்டேன். "அவசரமில்ல மாமா, மெதுவாப் பிரிங்க" என்றேன்.