எஞ்சின் இல்லாமல் இறங்கிய இத்தாலி

வண்டி ஓட்டாமலேயே தலை நரைத்த டிரைவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் எஸ்டேட்டில் இருந்தார். நான் ஜீப் டிரைவர், அவர் கார் டிரைவர். சொந்தப் பேர் யாருக்கும் தெரியாது. 'இத்தாலி' என்றால் ஏற்காடு முழுக்கத் தெரியும்.

கண்ணுகளா, எழுபதுகளில் எங்கள் முதலாளி இத்தாலியிலிருந்து ஒரு சிவப்புக் கார் வரவழைத்தார். என் இடுப்பு உயரம்தான். இரண்டே சீட்டு. எஞ்சின் முதுகுக்குப் பின்னால். முகப்பு விளக்குகள் மூடியே கிடக்கும். சுவிட்சைத் தட்டினால் தவளைக் கண்போல எழும்பும். அதை ஓட்டத்தான் இத்தாலியண்ணனை வேலைக்கு வைத்து வெள்ளை உடுப்பும் தைத்துக் கொடுத்தார். ஆனால் முதல் தடவை மலை ஏறும்போது, "நானே ஓட்டறேன்" என்று முதலாளியே உட்கார்ந்துவிட்டார். கடைசி வளைவில் ஒரு கல் காரின் வயிற்றைக் கிழித்தது. ஆயில் முழுக்க ரோட்டில் போய், எஞ்சின் இறுகிவிட்டது. இத்தாலியிலிருந்து வரவேண்டிய சாமான் வரவே இல்லை.

அண்ணன் வேலையை விடவில்லை. ஒழுகும் ஷெட்டில் தினமும் காரைத் துடைப்பார். உள்ளே உட்கார்ந்து வாயாலேயே கியர் மாற்றி, வாயாலேயே ஹாரன் அடித்து, சேர்வராயன் கோயில்வரை போய்த் திரும்புவார். ஆயுத பூஜைக்கு நாங்கள் தள்ளி எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுவோம். அந்த வருஷத்துப் பயணம் அவ்வளவுதான். பிரேக் ஆயிலை மட்டும் தவறாமல் மாற்றுவார்.

"ஓடாத வண்டிக்கு பிரேக் எதுக்குங்கண்ணா?"

"ஓடறதுதான் நம்ம கையில இல்ல. நிக்கறதாச்சும் இருக்கட்டும்."

அப்படி என்ன இருக்கிறது அந்தக் காரில் என்று ஒருநாள் கேட்டேன்.

"நிக்கறப்பவே ஓடறாப்பல இருக்குது பாரு. நம்ம அம்பாசடரு ஓடறப்பவும் உக்காந்தாப்பலயே இருக்கும்."

முதலாளி மகன் படித்துப் போட்ட வெளிநாட்டுப் பத்திரிகைகளில் புது இத்தாலி கார்களின் படம் வரும். எண்பதுகளில் பின்னால் இறக்கை முளைத்தது. "கோழிக்குந்தான் இறக்கை இருக்குது" என்றார். தொண்ணூறுகளில் மூலையெல்லாம் உருண்டது. "கரைஞ்ச சோப்பாட்டம் இருக்குது" என்று பக்கத்தை மூடினார்.

ஒரு மழைக்காலத்தில் முதலாளி காலமானார். மகன் காரை விற்றுவிட்டார். வாங்கியவரின் பெரிய லாரி வளைவுகளில் திரும்பாது என்று அடிவாரத்திலேயே நின்றது. ஜீப்பில் கயிறு கட்டி நான் இழுத்துப் போகவேண்டும். காரில் ஸ்டீயரிங் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

"பெரியவரே, உங்களுக்குக் கண்ணு சரியில்ல. வேற ஆளு ஏறட்டும்" என்றார் மகன்.

அண்ணன் கார்க் கதவை விடவில்லை. "ஏனுங்க சின்னய்யா, இதை ஓட்டத்தானுங்க நான் வந்தது. இன்னும் ஒருக்காக்கூட ஓட்டலைங்க."

மகன் மழையைப் பார்த்தபடி தலையாட்டினார்.

முதல் வளைவிலேயே கயிறு தொய்ந்தது. பின்னாலிருந்து வாய் ஹாரன். நிறுத்தினேன்.

"கயித்தக் கழட்டு சாமி. எறக்கத்துக்கு எஞ்சின் எதுக்கு?"

கழற்றினேன். சத்தமே இல்லாமல் அந்தச் சிவப்பு என்னைத் தாண்டி மூடுபனிக்குள் போனது. எதிரே பஸ் ஏறிவந்தது. மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிற வண்டி வழிவிடும். ஆனால் அந்த பஸ் ஓரம் கட்டி நின்றது.

"சட்டம் தெரியாதுங்களா?" என்று பஸ் டிரைவரைக் கேட்டேன்.

"அந்தாளு மொகத்தப் பாத்தீங்களா? எமனே வந்தாலும் ஒதுங்கித்தான் நிப்பான்" என்றார்.

அடிவாரத்தில் கார் அலுங்காமல் நின்றிருந்தது. லாரியில் ஏற்றுமுன் அண்ணன் அதை ஒருமுறை துடைத்தார். மறுநாள் காலையிலும் உடுப்பு மாட்டிக்கொண்டு காலி ஷெட்டுக்குப் போனார். அடுத்த மழைக்காலத்தை அவர் பார்க்கவில்லை.

மூடுபனியில் மலை இறங்கும்போது நான் ஏன் இவ்வளவு ஓரமாக ஓட்டுகிறேன் என்று கேட்பீர்களே, கண்ணுகளா. வலப்பக்கம் ஒரு வண்டி தாண்டிப்போக இடம் இருக்கட்டும் என்றுதான்.