மாமனாருக்கு அனுமதி இல்லை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். ஃபேன், மிக்சி, அயர்ன் பாக்ஸ் ஆகியோரும் சௌக்கியம். நீங்கள் வாங்கி மாட்டிவிட்டுப் போன மற்றவர்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் எதைச் சொன்னாலும் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மாமா" என்று முடித்துவிடுகிறீர்கள். கடிதத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ண முடியாது, முழுதாகப் படித்துத்தான் ஆக வேண்டும்.

வயதான காலத்தில் நாங்கள் சிரமப்படக் கூடாது என்று நீங்கள் ஆசையாகச் செய்ததுதான் எல்லாம், அதை நான் மறக்கவில்லை. பேட்டரி கார், அதற்குச் சுவரில் ஒரு சார்ஜர், போன் சொன்னால் சுடும் ஹீட்டர், தொட்டால் எரியும் ஸ்விட்ச், இவை அத்தனையையும் ஆட்டிவைக்க உங்கள் பெயரில் ஒரு ஆப். முதல் இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லை. நானே பக்கத்து வீட்டாரைக் கூட்டிவந்து போனைத் தட்டி ஹீட்டரைப் போட்டுக் காட்டி, குளிக்க ஆள் இல்லாமல் வெந்நீரை வீணடித்திருக்கிறேன். பிறகு அந்தக் கம்பெனியை வேறொரு கம்பெனி வாங்கியதாம். வாங்கியவர்கள் இப்போது கடையைக் கட்டுகிறார்களாம். மாதக் கடைசியோடு சேவை நிறுத்தப்படும், இதுவரை ஆதரவு தந்ததற்கு நன்றி என்று ஒரு செய்தி வந்தது. ஆதரவு தர வேண்டியது அவர்களா நாமா என்றே எனக்குப் புரியவில்லை.

மாதக் கடைசி வரைக்கும்கூட சார்ஜருக்குப் பொறுமை இல்லை. போன செவ்வாய்க்கிழமை அத்தையின் கண் ஆபரேஷனுக்குப் பிறகான செக்கப். காரைச் செருகினால் சார்ஜரில் சிவப்பு விளக்கு சிமிட்டுகிறது, போனில் "புதுப்பிக்கப்படுகிறது, காத்திருக்கவும்" என்று வருகிறது. நானும் மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு, சார்ஜர் நனையக் கூடாதென்று அதற்கும் பாதிக் குடை கொடுத்துக் காத்திருந்தேன். குடைக்குள் இருந்தது அது, நனைந்தது நான். கடைசியில் "உரிமையாளர் அனுமதி தேவை" என்றது. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், அங்கே இப்போது நடுராத்திரி, நான் அவருடைய மாமனார் என்றேன். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். பாவம், அவளுக்கும் மாதக் கடைசியோடு வேலை போகிறதாம். "சார், இதுல உரிமையாளர், விருந்தாளின்னு ரெண்டுதான் இருக்கு. மாமனார்னு ஒண்ணு இல்லை" என்றாள். நான் கட்டிய வீட்டில் நான் விருந்தாளியாகவும் இல்லை. வாடகைக் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் டாக்டர் கிளம்பிவிட்டார். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அத்தை வந்த காரிலேயே திரும்பி வந்தாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நம் எலெக்ட்ரீஷியன் வந்து டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "கரன்ட் வருது சார், அனுமதிதான் வரலை" என்றான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பது இதுதான். எங்கள் கல்யாணத்துக்கு வந்த சீலிங் ஃபேன் இன்றைக்கும் கடகடவென்று ஓடுகிறது, ஒரு நாளாவது நீ யார் என்று என்னைக் கேட்டதுண்டா? ஹீட்டர் இன்னும் மோசம். காலையில் கேட்டால் சாயங்காலம் சுடுகிறது. பஸ் டிப்போவில் அத்தனை வருஷம் டைம் கீப்பராக இருந்து, தாமதமாக வந்த டிரைவர்களையெல்லாம் நிற்க வைத்துக் கேள்வி கேட்டவன், இப்போது ஒரு வாளி வெந்நீருக்காகப் பழியாய்க் கிடக்கிறேன்.

எல்லாவற்றையும்விட என் பிராணனை வாங்கியது ஹால் லைட். தினமும் சாயங்காலம், நான் பேப்பரைப் பிரித்துக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததும், தானாக எரியும். வெளியில் வெயில் பளிச்சென்று இருக்கும், இதற்கு என்ன அவசரம்? முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய் அணைப்பேன். மறுநாளும் அதே கதை. ஸ்விட்சில் கோளாறு என்று நான் கத்துவேன், அத்தையோ அடுப்படியிலிருந்து "அதுபாட்டுக்கு எரிஞ்சுட்டுப் போகுது" என்பாள். விடுவேனா? எலெக்ட்ரீஷியன் வந்த கையோடு அந்த ஸ்விட்சைக் கழற்றிச் செருப்புப் பெட்டியில் போட்டுவிட்டு, பழைய டக்கென்ற ஸ்விட்சை மாட்டச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து வீட்டில் ஒரே அமைதி.

ஆகவே மாப்பிள்ளை, தப்பாக நினைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை எலெக்ட்ரீஷியன் மறுபடி வருகிறான். ஆப்பை நம்பிப் பிழைக்கும் எதுவும் இந்த வீட்டில் இருக்கப்போவதில்லை. காருக்குச் சாதாரண பிளக் பாயின்ட் போதும் என்கிறான். ஆமை மாதிரிதான் ஏறும், ஆனால் யாரையும் கேட்காமல் ஏறும். நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு நிம்மதி. சொல்லாவிட்டாலும் கழற்றத்தான் போகிறேன்.

மகளை வேலை வேலை என்று அலையாமல் நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லவும். பேத்திக்கு என் ஆசிகள். வீடியோவில் என்னைப் பார்த்தாலே சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறாள், இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பரவாயில்லை, வெளிநாட்டிலேயே வளர்ந்த குழந்தை, தாத்தாவை எங்கே தெரியப்போகிறது. எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமனார்
(உரிமையாளரும் அல்ல, விருந்தாளியும் அல்ல)

பின்குறிப்பு: நேற்று சாயங்காலம் உறையை ஒட்டப்போகும்போது மகளிடமிருந்து போன், அங்கே அப்போது காலை. குழந்தை ஸ்கூலுக்குக் கிளம்ப மாட்டேன் என்று அழுகிறதாம். என்னவென்று கேட்டால், தினமும் ஸ்கூல் பஸ் ஏறுவதற்கு முன் அவள்தான் உங்கள் போனில் எங்கள் ஹால் லைட்டைப் போடுகிறாளாம். நான் எழுந்து போய் அணைத்ததும் அங்கே திரையிலும் அணையுமாம். அது தாத்தா அவளுக்கு டாட்டா சொல்வதாம். நான் எரிச்சலில் அணைத்ததையெல்லாம் அந்தக் குழந்தை பதிலாக எடுத்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போயிருக்கிறாள். இந்த வாரம் முழுதும் பதில் இல்லை. "தாத்தாவுக்கு என் மேல கோவமா?" என்று கேட்டாளாம். அத்தைக்கு இது ஆரம்பத்திலிருந்தே தெரியுமாம். ஏன் சொல்லவில்லை என்றேன். "சொன்னா நீங்க அதுக்கும் ஒரு டைம் டேபிள் போட்டிருப்பீங்க" என்றாள். இருக்கலாம்.

மேலே எழுதியதை மறந்துவிடவும். செருப்புப் பெட்டியிலிருந்து ஸ்விட்சை எடுத்து, எலெக்ட்ரீஷியனைக் கையோடு கூட்டிவந்து திரும்ப மாட்டியாகிவிட்டது. சார்ஜர், ஹீட்டர் எக்கேடு கெட்டாவது போகட்டும், அத்தையை நான் பஸ்ஸில் கூட்டிப்போகிறேன். மாதக் கடைசிக்குள் அந்த ஒரு ஸ்விட்சுக்கு மட்டும் எந்தக் கம்பெனிக்காரன் காலைப் பிடித்தாவது ஒரு வழி செய்யுங்கள். இன்று சாயங்காலம் லைட் எரிந்தது. உடனே அணைக்கக் கை வரவில்லை, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். அதனால் அவளுடைய ஸ்கூல் பஸ் காத்திருக்க நேர்ந்திருந்தால், தாமதத்துக்குத் தாத்தா மன்னிப்புக் கேட்டதாக டிரைவரிடம் சொல்லவும்.