பத்மினிக்கு அகல டயர்

மாமியார் வீட்டு ஆட்கள் ஒருத்தரும் இனிமேல் தன் காரின் பின் சீட்டில் உட்காரக் கூடாது என்று கோதண்டபாணி சபதம் எடுத்த இடம் மயிலம் முருகன் கோயில் மலையடிவாரம். அவ்வளவு புண்ணியமான இடத்தில் எடுத்த சபதம் பலிக்காமல் போகாது என்று அவர் நம்பினார். முருகனுக்கே ரெண்டு மாமியார் வீடு என்பது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

கோதண்டபாணிக்கு விழுப்புரம் நேருஜி ரோட்டில் பாத்திரக் கடை. ஆனால் அவர் உசிர் கடையில் இல்லை, வீட்டு ஷெட்டில் நிற்கிற பழைய பிரீமியர் பத்மினி காரில் இருந்தது. வெண்ணெய் நிறம். முன்னால் சோபா மாதிரி நீளமாக ஒரே சீட்டு. கியர் தரையில் இருக்காது, ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கை நீட்டிக்கொண்டிருக்கும். வாரா வாரம் அவர் அதைத் துடைக்கிற பக்தியைப் பார்த்து அவர் மனைவி அருணா, "என் முதுகுல தைலம் தேய்க்கச் சொன்னா மட்டும் கை வலிக்குதாம்" என்பாள்.

அருணாவுக்குப் பிறந்த ஊர் திண்டிவனம். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே உள்ள தூரம் போதாது என்பது கோதண்டபாணியின் நீண்ட நாள் கருத்து. அங்கே மாமியார் வெள்ளையம்மாள், மச்சான் பூவரசன், பூவரசன் மனைவி சித்ரா. காதுகுத்தோ கண் ஆஸ்பத்திரியோ, எதுவானாலும் போன் வந்துவிடும். "மாப்ள, காரை எடுத்துக்கினு வர்றீங்களா?"

மயிலத்துக்கும் அப்படித்தான் போனார்கள். பின் சீட்டில் மாமியார், மச்சான், மச்சான் மனைவி, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை ஒரு மூட்டை, அதற்கு மேல் ஒரு பலாப்பழம். மலை இறக்கத்தில் பிரேக் போட்டதும் பலாப்பழம் உருண்டது. கோதண்டபாணி ஆசை ஆசையாகத் தைத்துப் போட்டிருந்த புது சீட்டுக் கவர் டர்ரென்று கிழிந்தது.

அவர் வண்டியை நிறுத்தித் திரும்பினார்.

"அய்யய்யோ" என்றாள் வெள்ளையம்மாள். "பழத்துக்கு ஒண்ணும் ஆவலியே?"

அப்போது எடுத்ததுதான் சபதம்.

சபதம் எடுப்பது சுலபம், நிறைவேற்றுவதுதான் கஷ்டம். வழி தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தவருக்கு தன்னை அறியாமலே அந்த வழியைக் காட்டியவன் டயர் கடை இருதயராஜ். காற்று பிடிக்கப் போன இடத்தில், சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் கோதண்டபாணி பார்த்தார். ஏதோ ஒரு பழைய கார். பின் சக்கரம் ரெண்டும் உரல் மாதிரி அகலமாக இருந்தன.

"நம்ம பத்மினிக்கும் பின்னாடி இந்த மாதிரி அகல டயரு போடலாமா இருதயராஜ்? பாக்கக் கெத்தா இருக்குது."

"கெத்தாதான் சார் இருக்கும். ஆனா வேணாம்."

"ஏன்?"

"பின் சீட்டுல ஆளு உக்காந்தா பாடி கீழ எறங்கும். டயரு மட்கார்டுல உரசும். பேஜாரு சார்."

கோதண்டபாணி ஸ்டூலை விட்டு எழுந்தார். "திருப்பிச் சொல்லு."

"உரசும் சார்."

"முன்னாடி உக்காந்தா?"

"அதுக்கு ஒண்ணும் ஆவாது. பின்னாடி யாரும் உக்கார முடியாது. அதான் வேணாங்கறேன்."

"ஜல்தி போடு!"

இருதயராஜ் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "உரசாம போட்டுக் குடுன்னு கேக்கறவங்களைப் பார்த்திருக்கேன். உரசணும்னே போடச் சொல்றது நீங்கதான் சார்."

சாயங்காலம் பத்மினி புது இடுப்போடு வீட்டுக்கு வந்தாள். அருணா வாசலில் நின்று ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"என்னாங்க இது, உங்க பத்மினி பின்னாடி பெருத்துட்டா?"

"அகல டயரு. ரோட்டைக் கவ்விப் புடிக்கும். சேஃப்டி."

"அவளுக்குப் பெருத்தா சேஃப்டி. எனக்குப் பெருத்தா வாக்கிங் போவச் சொல்றீங்க."

கோதண்டபாணி அதற்கு அசரவில்லை. கண்ணாடி முன்னால் நின்று பழகி வைத்திருந்த சோகத்தை முகத்துக்குக் கொண்டுவந்தார்.

"ஒரே ஒரு சிக்கல் அருணா. பின்னாடி யாரும் உக்காரக் கூடாதாம். டயரு உரசுமாம்."

"யாருமேவா?"

"யாருமே. அத்தையை நெனச்சாத்தான் எனக்கு மனசு கேக்கல."

அருணா பின் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். "தெருக்கோடி வரைக்கும் எடுங்க" என்றாள். எடுத்தார். மாவு மெஷினில் கல் விழுந்த மாதிரி கர்ர்ர் என்றது. ரப்பர் கருகும் நாற்றம். கோதண்டபாணியின் காதுக்கு அது நாதஸ்வரம்.

அருணா இறங்கினாள். "ஆமாங்க, உரசுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அனுபவசாலியான புருஷன் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால், மனைவி ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டதைக் கேட்டு நடுங்கியிருப்பான். கோதண்டபாணி ரெண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

அடுத்த மாதம் பூவரசனின் புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். வெள்ளையம்மாள் அப்போது மூட்டுவலி வைத்தியத்துக்காக விழுப்புரத்தில் மகள் வீட்டில் இருந்தாள். 'அத்தையை அலுங்காம பஸ் ஏத்தி விட்டுடலாம்' என்ற வாக்கியத்தை வாயில் தயாராக வைத்துக்கொண்டு கோதண்டபாணி ஷெட்டுக்குப் போனார்.

காரின் முன் சீட்டில், நட்ட நடுவில், பட்டுப்புடவையோடு வெள்ளையம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை! இங்க எப்படி?"

"பின்னாடிதான உக்காரக் கூடாது மாப்ள? அருணா சொல்லிச்சு."

அருணா ஜன்னல் ஓரமாக ஏறிக் கதவைச் சாத்தினாள். "இவ்ளோ நீளமா சீட்டு இருக்குது. வீணாவா போவணும்? கெளம்புங்க."

இத்தனை காலமும் மாமியாரின் குரல் பின்னாலிருந்து, காற்றில் பாதி கரைந்துதான் வந்துகொண்டிருந்தது. இப்போது நேராக இடது காதில் இறங்கியது.

"மாப்ள, லாரி."

"பார்த்தேன் அத்தை."

"அது உங்களைப் பார்த்துச்சா?"

கியர் மாற்றுகிற போதெல்லாம் முழங்கை முட்டியது. ஒவ்வொரு முட்டுக்கும் "மெதுவா மாப்ள" என்றாள். டிராக்டர் ஒன்று முந்தியபோது, "அவனுக்கு இருக்கற அவசரம் கூட நமக்கு இல்ல பாரு" என்று மகளிடம் சொன்னாள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் இருந்த ஆள் குனிந்து பார்த்து, "பின்னாடி காலியா இருக்குதே சார், ஏன் இப்படி நெருக்கியடிச்சுக்கினு போறீங்க?" என்று கேட்டான்.

"என் காரு! என் சீட்டு! உனக்கு இன்னாய்யா?" என்று கத்தினார் கோதண்டபாணி.

"டோல்கேட்டுல எல்லாம் கோவப்படக் கூடாது மாப்ள" என்றாள் மாமியார்.

திண்டிவனம் போய்ச் சேர்ந்தபோது அவர் உடம்பில் ஹோமத்துக்குத் தேவையான நெருப்பு இருந்தது. பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தவரிடம் பூவரசன் குனிந்தான்.

"மாமா, சித்ராவுக்குப் பெயிண்டு வாசனை ஒத்துக்கல. இருமிக்கினே இருக்குது. கொஞ்ச நாள் விழுப்புரத்துல இருக்கட்டும். திரும்பறப்போ உங்க கூடவே இட்டுக்கினு போயிடுங்க. அம்மாவும் வருதே."

கோதண்டபாணி பொங்கினார். சாம்பார் வாளியோடு போனவர் நின்றுவிட்டார்.

"முன்னாடி மூணு பேருக்கு மேல ஒருத்தரை ஏத்த மாட்டேன்! இது காரா, ஷேர் ஆட்டோவா? வண்டின்னா அதுக்கு ஒரு மரியாதை வேணாம்? மூணு பேருதான்! மூணே பேரு!"

பாயசத்தோடு வந்த அருணா கேட்டாள். "மூணே பேருதானே?"

"மூணே பேரு!"

"எல்லாரும் கேட்டுக்கினீங்கல்ல?" என்று பந்தியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவர் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் விட்டாள்.

ஜெயித்துவிட்ட திருப்தியில் கோதண்டபாணி பாயசத்தை நிதானமாக வழித்துச் சாப்பிட்டார். சித்ரா பஸ்ஸில் வரட்டும். பூவரசன் ஏற்றி விடட்டும். கை கழுவும்போது வாசலில் ஒரு கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. ஆயிரம் காருக்கு நடுவிலும் அவருக்கு அந்தச் சத்தம் தெரியும். சட்டையைத் தேடினார். ஆணியில் தொங்கியது. பையில் சாவி இல்லை.

ஈரக் கையோடு ஓடினார். ஸ்டியரிங்கில் அருணா. நடுவில் மாமியார். ஜன்னல் ஓரம் சித்ரா, கைக்குட்டையில் இருமிக்கொண்டு.

"ஏய்! எறங்கு! இன்னா பண்ற நீ?"

"மூணு பேருங்க. எண்ணிப் பாத்துக்குங்க."

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"லைசென்ஸ் இருக்குது."

"யாரு குடுத்தது?"

"கவர்மெண்டு."

"எப்போ கத்துக்கினே? எந்த வண்டியில கத்துக்கினே?"

அருணா ஸ்டியரிங்கைத் தடவினாள். "தெனம் நீங்க கடைக்குப் போனப்புறம்தான். ஏங்க, உங்க பத்மினி உங்ககிட்ட ஒரு வார்த்தை கூட சொல்லலியா?"

கோதண்டபாணி காரை ஒரு முறை பார்த்தார். யார் துரோகம் செய்தாலும் தாங்கியிருப்பார். பத்மினியா!

"அப்ப நான் எப்படி வர்றது?" என்றார் கடைசியில்.

"பின்னாடி எடம் இருக்குது. உரசும்னு நீங்கதான் சொன்னீங்க."

"மாப்ளயை நெனச்சாத்தான் எனக்கு மனசு கேக்கல" என்றாள் வெள்ளையம்மாள்.

கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல விழுந்தது. அவர் கைக்கு அது ஒரு நாளும் அப்படி விழுந்ததில்லை.

விழுப்புரம் பஸ்ஸில் முகூர்த்தநாள் கூட்டம். கோதண்டபாணி பின் படிக்கட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து, உள்ளுக்குள் கொதித்துக்கொண்டே நின்றார். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் வலது பக்கம் ஹாரன் கேட்டது. வழியில் எங்கோ நிறுத்தி இளநீர் குடித்துவிட்டு வந்த தெம்பில் பத்மினி பஸ்ஸை முந்திக்கொண்டு போனாள். பஸ்ஸே எட்டிப் பார்த்தது.

பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் ஒருவர் அவர் தோளைத் தட்டினார். "பாத்தீங்களா சார், பின் டயரை! இன்னா கெத்து!"

அன்றைக்கு முதல்முறையாகக் கோதண்டபாணியின் நெஞ்சு நிமிர்ந்தது. "அது யாரு மூளை தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.

"இதுகூடத் தெரியாதா சார்? அந்த டயரு போட்டா பின்னாடி ஆளு உக்கார முடியாது. வூட்டுக்காரனைக் கழட்டி வுடணும்னே அந்தம்மா பிளான் பண்ணிப் போட்டுக்கினு இருக்குது!"